சுழி போடாத மூன்று கோடுகள்

நைனா,

இன்று சாயங்காலம் உன் மரப்பெட்டியில் அந்தக் கறுப்புத் துணி கிடைத்தது. பழைய குடையிலிருந்து நீ வெட்டியெடுத்து, ஓரம் பிரியாமல் அம்மாவைத் தைக்கச் சொன்ன துணி. கட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் நாடா. முகத்தருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாசம் அப்படியே இருக்கிறது. உன் சட்டைகளை அம்மா துவைத்து மடித்து வைத்துவிட்டாள். அவற்றில் இப்போது சோப்பு வாசம்தான் வருகிறது. இதை யாரும் துவைக்கவில்லை.

அம்மா உள்ளே தூங்குகிறாள். நான் உன் கடை அறையில், சிம்னி விளக்கைச் சிறிதாக வைத்துக்கொண்டு, நீ குறிப்பெழுதச் சேர்த்து வைத்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் விளக்கை ஊதிவிடுவேன். ஊதுவது எனக்கு நன்றாக வரும். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அம்மா உன் ஸ்டவ்வைச் சேவூர் அத்தைக்குக் கொண்டுபோகிறாள். கண் தெரியாதவர்களுக்கென்று நீ செய்த ஸ்டவ், மணி வைத்த ஸ்டவ். அது சரியாக வேலை செய்கிறது என்று நீ நம்பினாய். நான் சொன்னதால்தான் நம்பினாய். அது சரியில்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருமுறை ரிப்பேர் செய்த ஸ்டவ் திரும்பத் திரும்ப வந்தால் மற்ற மெக்கானிக்குகள் எரிந்து விழுவார்கள். நீ அதைத் தனியாக எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். திரியை ஏற்றி இறக்கும் குமிழில் குறட்டின் பல் பதிந்திருக்கும். "பாரு கண்ணு, இவங்களுக்கு விரலு புடிக்கல. குறட்டால திருகிகினு கீறாங்கோ" என்பாய். எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றிக் கருகியிருக்கும். "இவங்களுக்குக் கண்ணு தெரியல. வழிய வழிய ஊத்திட்டு அப்பறம் பத்த வெச்சிருக்காங்கோ."

ஒருநாள் ஒரு பெண் ஸ்டவ்வைப் பொத்தென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க மாமியாருக்கு எதையும் சரியா பொழங்கத் தெரியலீங்க. எல்லாம் கண்ணு மேல தப்பு."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணு இன்னாம்மா தப்பு பண்ணுச்சி? அறுவது வருசம் ஒழைச்ச கண்ணு. தப்பு ஸ்டவ்வு மேல."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கிழவனானாய்.

சந்தையில் யாரோ விற்ற பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று கொண்டுவந்தாய். பக்கத்து வீட்டில் தறியின் பாவு நூலுக்குத் தடவக் காய்ச்சிய கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் வாங்கி, கண்ணாடியின் இரண்டு சில்லிலும் தடவிக் காயவைத்தாய். வெள்ளையாக மூடிக்கொண்டது. "புரை விழுந்த கண்ணு இப்படித்தான் இருக்குமாம்" என்றாய். விரல்கள் மடங்காதபடி ஒவ்வொன்றுக்கும் மூங்கில் சிம்பு வைத்து, கழிவுப் பட்டு நூலால் சுற்றச் சொன்னாய். நான்தான் சுற்றினேன். செருப்புக்குள் புளியங்கொட்டை போட்டாய். காதில் பஞ்சு. பிறகு எழுந்து, இடுப்பை வளைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு நடந்தாய்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"கெழவன் ஆவறதுக்கு இன்னாயா இம்மாம் ஜல்தி? இன்னும் முப்பது வருசம் கீது. தன்னால வரும்."

"ஆங்? இன்னா சொன்ன? காது கேக்கல."

"அது ஒனக்கு எப்பவுமே கேக்காது. அதுக்குப் பஞ்சு வேற வேணுமா?"

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "இன்னா மாமா, டிராமாவா? டிக்கிட்டு உண்டா?"

"உங்க மாமியாரைக் கூட்டிகினு வா. அவங்களுக்கு இனாம்" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். நீ ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தாய். குச்சிகள் எல்லாம் கொட்டின. தடவித் தடவி ஒன்றை எடுத்தாய். உரசுவதற்குள் விழுந்தது. இன்னொன்றை எடுத்தாய். அதுவும் விழுந்தது. எடுத்துக் கொடுக்க நான் கையை நீட்டினேன், "உடு" என்றாய். கடைசியில் ஒன்று பற்றியது. அதைத் திரியில் வைப்பதற்குப் பதிலாக உன் விரலில் சுற்றியிருந்த நூலில் வைத்தாய். அம்மா பாய்ந்து வந்து முந்தானையால் அமுக்கினாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நீ கண்ணாடியைக் கழற்றாமலே விரலில் கருகிய நூலைத் தடவிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "நம்ம செய்யறதெல்லாம் நம்ம கைக்குன்னேதான் செஞ்சிகினு இருந்திருக்கோம்."

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அதே வேலை. சின்னக் குமிழை எடுத்துவிட்டு முழங்கையால்கூடத் தள்ளுகிற மாதிரி நீளமான கம்பி வைத்தாய். கம்பி, பக்கத்துத் தகட்டில் நீ வெட்டிய ஒவ்வொரு பல்லிலும் 'டக்'கென்று உட்காரும்; எத்தனை 'டக்' என்று எண்ணினால் தீ எவ்வளவு என்று தெரியும். கம்பி முழுக்கக் கீழே வந்தால் சைக்கிள் மணியின் நாக்கில் இடிக்கும். அணைந்துவிட்டது என்று மணி சொல்லும். அந்த மணி முதல்முறை அடித்தபோது நீ தெருவுக்கே ஓடிப்போய்ச் சொன்னாய்.

விரல் விறைத்தவர், கால் வலிக்காரர் எல்லாம் நீ. கண் தெரியாதவள் நான். கறுப்புத் துணியை நீயே கட்டிவிடுவாய். பிறகு எனக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். "நான் பாத்துகினு இருந்தா வாய் சும்மா இருக்காது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சொல்லிக் குடுத்துடுவேன். அவங்க வூட்ல யாரு சொல்லுவாங்கோ?" நான் பற்ற வைத்து, ஏற்றி, இறக்கி, அணைந்ததா என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நீ திரும்பிப் பார்ப்பாய். சரியென்றால் கதவுப் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. தப்பென்றால் சுழி. முதல் வாரங்களில் கதவெல்லாம் சுழிதான். ஒருமுறை நான் அழுதுவிட்டேன். "சுழி வந்தா நல்லதுதான், கண்ணு. எங்க ஒழுகுதுன்னு அதானே சொல்லுது" என்றாய்.

சேவூர் அத்தை வந்த நாளையும் எழுத வேண்டும். அவள் உனக்குத் தூரத்து உறவில் அக்கா. வருடக்கணக்காகப் நெசவுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிச் சுற்றிக் கண் போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும். இப்போதும் விரலால் இழையைப் பிடித்தே சுற்றுகிறாள். கூரை வீட்டில் தனியாக இருக்கிறாள். பெங்களூரில் இருக்கும் மகன் வரச்சொல்லி வற்புறுத்துகிறான். அவளுக்குப் போக மனமில்லை.

நீ துணியைக் கட்டிக்கொண்டு ஸ்டவ்வை எப்படிப் பயன்படுத்துவது என்று அவளுக்கே செய்து காட்டினாய். பாத்திரத்தைத் தட்டிவிட்டாய். சத்தம் கேட்டு அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா தம்பி, உருட்டிகினு கீற?"

"கண்ண கட்டிகினு பாக்கறேன்கா. எவ்ளோ கஷ்டம்!"

"நீ இன்னிக்குத்தான் குருடன் ஆன. மொத நாளு எவனா இருந்தாலும் உருட்டத்தான் செய்வான். நான் பழகினவ." அவள் ஸ்டவ் பக்கம் புறங்கையை நீட்டினாள். தொடவில்லை. ஒரு சாண் தள்ளியே கையை மெதுவாகச் சுற்றினாள். "எரியுது. இந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா எரியுது. செரியா?"

சரியாகத்தான் இருந்தது. நீ உன் மணியை அடித்துக் காட்டினாய்.

"நல்லா கீது. மாரியாத்தா கோயிலுக்கு வெக்கலாம்" என்றாள். "எனக்கு மணி எதுக்குப்பா? கவுக்கறதுக்கு மூடி ஒண்ணு குடு. நெருப்பு மூச்சு முட்டி சாவும். அப்பறம் கைய வெச்சுப் பாத்துக்கறேன்."

"மூடி எவன் வேணா செய்வான்கா. மணி எவன் செய்வான்?"

 போகும்போது அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒன் ஆசைக்கு வாங்கிக்கறேன். ஆனா பாத்துச் செய். ஒரு தபா பொடவையில பத்திகினாலும் போதும், எம்மவன் வந்து என்ன மூட்டையோட மூட்டையா ஏத்திகினு பூடுவான்."

கண்ணைக் கட்டியதும் நமக்குக் காது மட்டும்தான் மிச்சம் என்று நினைத்துவிட்டோம், நைனா. அவளுக்குத் தோல் இருந்தது. அதை நாம் எண்ணவேயில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. "பத்து தபா. பத்தும் கோடா வந்தா முடிஞ்சிது. அக்காகிட்ட குடுத்துடலாம்" என்றாய். கதவிலிருந்த பழைய கோடு, சுழிகளையெல்லாம் துடைத்துவிட்டு எனக்குத் துணியைக் கட்டிவிட்டாய். அந்தத் துணியில் மூக்கோரமாக ஒரு சின்ன இடைவெளி எப்போதும் இருக்கும். உனக்குத் தெரியாது. கண்ணைக் கீழே தாழ்த்தினால் என் மடி தெரியும். தலையைக் கொஞ்சம் தூக்கினால் ஸ்டவ் தெரியும். அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் என் பாவாடை ஓரம் கருகியிருந்தது, அந்தப் பயம்.

முதல் இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவது தடவை கம்பியை இறக்கினேன். டக், டக், டக். மணி அடித்தது. இடைவெளி வழியாகப் பார்த்தேன். ஸ்டவ்வின் திரிகளில் ஒன்றில் மட்டும் நீலமாக ஒரு சின்னத் தீ ஒட்டிக்கொண்டிருந்தது.

"மணி வந்திச்சி. அணைஞ்சிச்சா கண்ணு?" உன் குரலில் அவ்வளவு ஆசை.

நான் இருமுகிற மாதிரி ஊதினேன். தீ போய்விட்டது.

"அணைஞ்சிச்சி நைனா."

நீ திரும்பிப் பார்த்து, கோடு போட்டாய். "கிருஷ்ணாயிலு பொகை ஒத்துக்கலியா?" என்று கேட்டு, உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் வாயில் போட்டாய். துணியைக் கட்டியபடியே அதைத் தின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வெல்லம் இருந்தது.

ஏழாவது தடவையும் அதே திரி. ஒன்பதாவதும் அதே. மூன்று முறை இருமினேன். பத்தாவது கோட்டைப் போட்டதும் என்னைத் தூக்கிச் சுற்றினாய். "பாக்கலியே நீ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நீ சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். "இல்ல நைனா" என்றேன்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அடுத்த வாரமே உன் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகு ஆஸ்பத்திரி. கட்டிலில் படுத்துக்கொண்டும் வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு கண்ண கட்டிகினு பத்துக்குப் பத்து அடிச்சா" என்று சொன்னாய். அங்கே வைத்து எப்படிச் சொல்வேன்?

உனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா சொன்ன முப்பது வருடம் தன்னால் வரவில்லை. நீ கிழவனாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

கதவில் இருக்கும் அந்தப் பத்துக் கோடுகளை அம்மா யாரையும் தொட விடுவதில்லை. பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள், கதவைக் கழுவவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் காட்டினாள். "அவரு கை கோடு. பத்துல ஒண்ணு தப்பல." அவளுக்கு உன்னிடமிருந்து மிச்சம் இருப்பது அதுதான். அது பொய் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அடிப்பாள். அடித்தால்கூடப் பரவாயில்லை. அடிக்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாளோ என்றுதான் பயம்.

அத்தையின் பழைய ஸ்டவ் இந்த வாரம் உடைந்துவிட்டது. நேற்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா உடனே, "அவரு அவங்களுக்குன்னே செஞ்சது கீது. நாளன்னிக்கு நானே எடுத்தாறேன்" என்றாள். நேற்றிலிருந்து அத்தையின் வீடுதான் என் கண்ணில் நிற்கிறது. கூரை வீடு. மூலை முழுக்கப் பட்டு நூல். மணி அடித்ததும் அணைந்துவிட்டதென்று நம்பி, எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவாள். அந்த நீலத் தீ அவளுக்குத் தெரியாது. மணி இல்லாத ஸ்டவ்வாக இருந்தால் கையை வைத்துப் பார்ப்பாள். மணிதான் அவளை ஏமாற்றும்.

இன்று சாயங்காலம் அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் கடை அறைக் கதவைச் சாத்தினேன். துணியை எடுத்தேன். மூக்கோரத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறுக்கிக் கட்டினேன். நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த பத்துத் தடவையில் நான் ஒருமுறைகூடக் கண் தெரியாதவளாக இருக்கவில்லை.

தடவித் தீப்பெட்டியை எடுத்தேன். பற்ற வைத்தேன். இறக்கினேன். மணி அடித்தது. அணைந்துவிட்டது என்றே நானும் நம்பினேன், நைனா. எல்லாம் தெரிந்த நானே நம்பினேன். எழுந்திருக்கப் போனவள், அத்தை செய்த மாதிரி புறங்கையை நீட்டிப் பார்த்தேன். இடது பக்கம் சுட்டது.

துணியை அவிழ்த்தேன். அதே திரி. ஊதவில்லை. குனிந்து பார்த்தேன். அந்த ஒரு திரி போகும் குழாய் லேசாக வளைந்திருக்கிறது. திரி அதில் சிக்கிக்கொண்டு சில சமயம் கீழே இறங்குவதில்லை. அவ்வளவுதான். மணியில் குற்றம் இல்லை, கம்பியில் குற்றம் இல்லை. நீ பார்த்திருந்தால் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஒரு நிமிடத்தில் நேராக்கியிருப்பாய். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன்.

பரணில் இருந்த பெரிய பிஸ்கட் டப்பாவை எடுத்து எரிகிற திரியை மூடி ஸ்டவ்வின் மேல் கவிழ்த்தேன். கொஞ்சம் புகை வந்தது. ஐம்பது எண்ணிவிட்டுக் கையை வைத்தேன். சூடு தணிந்துகொண்டே வந்தது. அத்தை கேட்ட மூடி. அவள் அன்றைக்கே சொன்னாள். நாம் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மா இப்போது புரண்டு படுத்தாள். விளக்கை ஊதப் போனேன். ஊதவில்லை.

நைனா, இதை எழுத ஆரம்பிக்கும்போது உன்னிடம் சொன்னால் போதும், பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உனக்குச் சொல்லி என்ன? ஸ்டவ் போகப்போவது சேவூருக்கு.

அதனால் எழுந்துபோய் உன் டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். கதவில் மூன்றாவது கோட்டின் மேல் ஒரு சுழி போட்டேன். ஏழாவதின் மேல் ஒன்று. ஒன்பதாவதின் மேல் ஒன்று. உன் கோடுகளை அழிக்கவில்லை. சுழிக்குள் அவை தெரிகின்றன. என் சுழி உன்னுடையதைப் போல வட்டமாக வரவில்லை. அம்மா விடிந்ததும் கடைக் கதவைத்தான் முதலில் பார்ப்பாள். இனி நான் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டவ்வைப் பஜார் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் குழாயை நேராக்கிய பிறகுதான் பஸ் ஏற்ற வேண்டும். மூடியாக அந்தப் பிஸ்கட் டப்பாவும் கூடப் போக வேண்டும். நானும் போகிறேன், அத்தை அவள் வீட்டில், அவள் கையால் பத்துத் தடவை அணைத்துப் பார்க்கட்டும். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.

கறுப்புத் துணியை என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன். வாசம் போய்விடும் என்று துவைக்கவில்லை. மூக்கோரத்து இடைவெளியை மட்டும் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டேன்.